பிரிட்டானிக் ஆர்கன்

சுவிட்சர்லாந்தின் சேவென் ஊரிலுள்ள தானியங்கி இசைக்கருவி அருங்காட்சியகத்தில் இருக்கும் பெரிய குழாய் ஆர்கன். ஜெர்மனியின் ஃபிரைபுர்க் நகர வெல்ட்டே நிறுவனம் செய்தது. எந்தக் குழாய் எப்போது ஒலிக்க வேண்டும் என்பதைத் துளையிட்ட காகிதச் சுருள் தீர்மானிக்கும், கையாலும் வாசிக்கலாம். ஷ்டுட்கார்ட்டில் ஒரு மாளிகை, விப்பர்ஃபுர்ட்டில் மின்விளக்கு நிறுவன அரங்கு எனக் கைமாறி, 1969-ல் அருங்காட்சியக நிறுவனர் ஹைன்ரிஷ் வைஸிடம் வந்தது. 2007-ல் சீரமைப்பின்போது பிரித்துப் பார்த்தால், வழக்கமாகக் கண்ணில் படாத மரச்சட்டங்களில் ‘பிரிட்டானிக்’ என்ற பெயர்! அதுவும் எழுத்துப் பிழையோடு. டைட்டானிக்கின் சகோதரக் கப்பலுக்கென உருவான கருவி என்பது அப்போதுதான் துலங்கியது. போரில் மருத்துவக் கப்பலாக்கப்பட்ட பிரிட்டானிக் 1916-ல் ஏஜியன் கடலில் மூழ்கியது; நல்லவேளையாக, ஆர்கன் கப்பலேறவே இல்லை. இன்று பழைய சுருள்களைக் கொண்டே மீண்டும் இசைக்கிறது.