போங்கா ஊதாத வீடு

எங்கள் கீழ் வீட்டு ஆஜோபாவுக்கு (மராத்தியில் தாத்தா) வயது எண்பதுக்குப் பக்கம். பம்பாய் பரேலில் ஒரு பஞ்சாலையில் வேலை பார்த்து, 1982 ஸ்ட்ரைக்கில் வேலை போய், அப்புறம் மகனோடு புணே வந்து சேர்ந்தவர். போன ஞாயிறு ராத்திரி ஒன்பதரைக்கு நான் பால்கனியில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கத்திக்கொண்டிருந்ததைக் கேட்டிருக்கிறார் போல. மறுநாள் லிஃப்டில் பிடித்துக்கொண்டார்.

"உனக்கு போங்கா எப்பத்தான் ஊதும்?"

போங்கா என்றால் ஆலைச் சங்கு. வீட்டிலிருந்து வேலைங்க, சங்கெல்லாம் கிடையாது என்றேன். "அப்ப வேலை முடிஞ்சதுன்னு யார் சொல்லுவா?" என்றார். பதில் சொல்வதற்குள் அவர் மாடி வந்துவிட்டது. தப்பித்தேன் :-)

ஆனால் கேள்வி போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை லீவு என்பதை என்னவோ சூரிய சந்திரர் மாதிரி ஆதியிலிருந்தே இருப்பது என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம் இல்லையா? இந்திய ஆலைத் தொழிலாளிக்கு அது கிடைத்தே நூற்று முப்பது சொச்சம் வருஷம்தான் ஆகிறது. அதுவும் கேட்டு வாங்கியது.

கேட்டவர் பெயர் நாராயண் மேகாஜி லோகண்டே. 1848-ல் பிறந்தவர். ஜோதிராவ் புலேயின் சத்யசோதக் இயக்கத்துக்காரர். பம்பாயில் ஒரு ஆலையில் ஸ்டோர்கீப்பராக இருந்து, பிறகு 'தீனபந்து' பத்திரிகையை நடத்தியவர். அந்தக் காலத்து ஆலைகளில் சூரியன் வரும்போது வேலை ஆரம்பித்து, அது போகும்போது முடியும். கோடையில் நாள் நீளம், வேலையும் நீளம். முதல் தொழிற்சாலைச் சட்டம் 1881-ல் வந்தது. அதில் குழந்தைகளுக்கு மட்டும் ஒன்பது மணி நேரம், மாதம் நாலு நாள் லீவு. (ஏழு வயசு ஆனால் வேலைக்கு வரலாம் என்பதும் அதே சட்டம்தான். என் மகளுக்கு இப்போது ஏழு.) பெரியவர்களுக்கு அதில் ஒன்றுமே இல்லை.

1884 செப்டம்பரில் லோகண்டே பரேலில் தொழிலாளர் கூட்டம் கூட்டி ஒரு மனு தயார் செய்தார். ஐயாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் கையெழுத்து. கேட்டது என்ன தெரியுமா? ஞாயிறு முழு லீவு. மத்தியானம் அரை மணி ஓய்வு. காலை ஆறரைக்கு ஆரம்பித்து பொழுது சாயும்போது வேலை முடிய வேண்டும். சம்பளம் அடுத்த மாதம் 15 தேதிக்குள் வர வேண்டும். அடிபட்டால் குணமாகும் வரை கூலி. அவ்வளவுதான். கூலி உயர்வு கூடக் கேட்கவில்லை பாருங்கள், கொடுக்கிறதை நேரத்துக்குக் கொடு என்றுதான்.

ஏன் ஞாயிறு? வெள்ளைக்காரன் சர்ச்சுக்குப் போகும் நாள் என்பது நமக்குத் தெரிந்த காரணம். இந்தப் பக்கத்து ஆட்களைக் கேட்டால் வேறு சொல்வார்கள்: ஞாயிறு கண்டோபாவின் நாள். புணேயிலிருந்து ஐம்பது கிலோமீட்டர் போனால் ஜெஜூரி மலையில் இருக்கிறார். படியெல்லாம் மஞ்சள் பொடியாகக் கொட்டிக்கிடக்கும், திரும்பி வந்து சட்டையை நாலு தடவை துவைக்கணும். பம்பாய் ஆலைகளில் நூல் நூற்ற ஆட்களில் பெரும்பாலோர் சாதாரா, ரத்னாகிரி கிராமங்களிலிருந்து வந்தவர்கள். அவர்களுக்கு ஞாயிறு ஊர் நினைப்பு வரும் நாளாகவும் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். அந்த வகையில் அவர்களும் நம்ம கேஸ்தான்.

மனு கொடுத்தவுடன் லீவு கிடைத்துவிடவில்லை. ஆறு வருஷம். 1890 ஏப்ரலில் பத்தாயிரம் பேர் கூடிய கூட்டத்தில் இரண்டு பெண் தொழிலாளர்களும் மேடையேறிப் பேசினார்கள். அதே வருஷம் ஜூன் 10-ம் தேதி ஆலை முதலாளிகள் ஞாயிறு லீவுக்கு ஒப்புக்கொண்டார்கள். அடுத்த வருஷச் சட்டத்தில் வாராந்திர லீவும் மதிய அரை மணியும் ஏறின. இதில் லங்காஷயர் ஆலைக்காரர்களின் நெருக்கடியும் உண்டு. இந்தியத் துணி மலிவாக விற்பது அவர்களுக்குக் கடுப்பு. யாருக்கு என்ன காரணமோ, லீவு வந்தது. லோகண்டே 1897 பிளேக்கில் பம்பாயில் செத்துப்போனார். 2005-ல் அவருக்கு ஒரு தபால்தலை வந்தது.

நம்ம ஊர்க் கதையும் இதே மாதிரிதான். 1918-ல் மெட்ராஸ் பெரம்பூர் பக்கத்து பி அண்ட் சி மில்காரர்கள் பி.பி. வாடியாவிடம் போய்ச் சொன்ன முக்கியமான குறை, மத்தியானம் சாப்பிட நேரம் போதவில்லை என்பது. அங்கிருந்துதான் திரு.வி.க.வெல்லாம் சேர்ந்து நடத்திய சென்னைத் தொழிலாளர் சங்கம் வருகிறது.

எனக்கு ரொம்பப் பிடிபட்ட விஷயம் வேறு. 1891 சட்டம் ஆண்களுக்கு தினசரி இத்தனை மணி என்று வரம்பு போடவில்லை. போட வேண்டிய அவசியம் தெரியாதபடி இருட்டு ஒரு வரம்பாக இருந்தது. அப்புறம் ஆலைக்குள் மின்விளக்கு வந்தது. 1905 வாக்கில் பல ஆலைகளில் வேலை பதினாலு மணி நேரத்தைத் தாண்டியது. பஞ்சாலை ஆண்களுக்குப் பன்னிரண்டு மணி என்ற வரம்பு 1911-ல்தான் வந்தது. நமக்கு அந்த பல்பு வேலையை பிராட்பேண்ட் செய்தது. கால் சென்டர் மாதிரி கம்பெனிகள் ஆட்களை வீட்டிலிருந்து வேலை செய்ய விடுவதற்கு தொலைத்தொடர்புத் துறை ஏகப்பட்ட நிபந்தனை வைத்திருந்தது. 2020 மார்ச்சில் கொரோனாவுக்காகத் தற்காலிகமாகத் தளர்த்தி, நவம்பரில் பெரும்பாலானதை ஒரேயடியாக எடுத்துவிட்டார்கள். நான் அன்றைக்கு சந்தோஷப்பட்டவன். ஊருக்குப் போய் அம்மா கையால் சாப்பிட்டுக்கொண்டே வேலை பார்க்கலாமே! போனேன், பார்த்தேன், சாப்பிடும்போதும் வேலைதான் பார்த்தேன். "இங்க இருக்கியா, ஆபீஸ்ல இருக்கியா?" என்று அம்மா கேட்டாள்.

வேலை நேரம் முடிந்தபின் போனை எடுக்காமலிருக்கும் உரிமைக்காக சுப்ரியா சுலே 2018-ல் மக்களவையில் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அது சட்டமாகவில்லை.

இதையெல்லாம் தங்கமணியிடம் சொன்னேன். "அந்தாளு ஐயாயிரம் பேர்கிட்ட கையெழுத்து வாங்கினார். நீங்க யார்கிட்டயாவது கேட்டீங்களா?" என்றாள். உண்மைதான். எங்கள் டீமில் ஏழு பேர். ஏழும் ஏழு ஊரில். அதில் நாலு பேரை நான் நேரில் பார்த்ததே இல்லை. பரேலில் சங்கு ஊதினால் எல்லாரும் ஒரே கேட் வழியாக வெளியே வருவார்கள், வாசலில் நின்று பேசலாம். எங்களுக்கு வாசல் கிடையாது. கால் முடிந்தால் ஸ்கிரீன் கறுப்பாகிவிடும்.

புதன்கிழமை தைரியம் வந்து கோயம்புத்தூர்ப் பெண்ணுக்குத் தனியாக ஒரு மெசேஜ் போட்டேன். ஞாயிறு ராத்திரி மீட்டிங் உங்களுக்குக் கஷ்டமா இல்லையா? ரெண்டு நிமிஷத்தில் பதில்: "எனக்கு மட்டும்தான்னு நினைச்சேன் சார்." அப்புறம் இந்தூர்க்காரனும் சேர்ந்துகொண்டான். திங்கட்கிழமைக்கு மாற்றச் சொல்லி மானேஜருக்கு ஒரே மெயில், கீழே மூன்று பேர் பெயர். இன்னும் பதில் வரவில்லை. மீதி மூன்று பேரிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.