டிஸ்க் மாறிய இயங்குதளங்கள்

1983 மார்ச்சில் ஐபிஎம் வெளியிட்ட பிசி எக்ஸ்டி கணினிக்குள் 10 மெகாபைட் ஹார்ட் டிஸ்க் ஒன்று இருந்தது. அதுவரை மேசைக் கணினிக்காரர்களில் பெரும்பாலோர் இயங்குதளத்தை ஃபிளாப்பியில்தான் வைத்திருந்தார்கள். ஃபிளாப்பி தேய்ந்தால் டிஸ்க்காப்பி கட்டளையால் இன்னொன்று எடுத்துக்கொள்ளலாம். ஹார்ட் டிஸ்க் அப்படியில்லை. அது நிரம்பும், பழுதாகும், சில ஆண்டுகளில் அதைவிடப் பெரியது மலிவாகக் கிடைக்கும். அப்போது உள்ளே இருக்கும் டாஸ் இயங்குதளத்தை அப்படியே புதிய டிஸ்க்குக்கு எப்படிக் கொண்டுபோவது என்ற கேள்வி முதன்முதலாக எழுந்தது.

கோப்புகளை காப்பி கட்டளையால் அள்ளிப் போட்டால் வேலைக்காகாது. எம்எஸ்-டாஸின் மையமான ஐஓ.சிஸ், எம்எஸ்டாஸ்.சிஸ் இரண்டும் மறைக்கப்பட்ட கோப்புகள். காப்பி கட்டளை அவற்றைத் தொடாது. தொட்டாலும் பயனில்லை. கணினி கிளம்பும்போது டாஸை எழுப்பும் பூட் செக்டார் நிரல் 512 பைட்டுக்குள் அடங்கியது. கோப்புகளைத் தேடிப் பிடிக்கும் அறிவு அதற்குக் கிடையாது. மூலக் கோப்புறையின் முதல் இரண்டு இடங்களில் அந்த இரண்டு கோப்புகளும் இருக்கும் என்று நம்பி அது போகும். இந்த ஏற்பாட்டைச் செய்து கொடுப்பதற்கென்றே சிஸ் என்ற கட்டளை டாஸில் இருந்தது. ஏற்கெனவே வேறு கோப்புகள் முன்வரிசையைப் பிடித்திருந்தால், இயங்குதளத்துக்கு இடமில்லை என்று அது கைவிரித்துவிடும்.

எல்லாக் கோப்புகளும் வந்து சேர்ந்த பிறகும் இயங்குதளம் எழாமல் கிடக்கலாம் என்பதை அன்றே பலர் கண்டுகொண்டார்கள். தான் டிஸ்க்கின் எந்த மூலையில் இருக்கிறோம் என்ற குறிப்பையும் அது எங்கோ எழுதி வைத்திருக்கிறது. அடுத்த நாற்பது ஆண்டுகளில் அந்தக் குறிப்பு ஒவ்வொரு தலைமுறையிலும் ஒரு புது இடத்தில் போய் ஒளிந்துகொண்டது. அதைத் தேடிக் கண்டுபிடித்தவர்களில் பெரும்பாலோர் இயங்குதளத்தை எழுதிய நிறுவனங்களுக்கு வெளியே இருந்தவர்கள்.

யூனிக்ஸில் 1974லேயே டிடி என்ற கட்டளை உண்டு. கோப்பு எது, வெற்றிடம் எது என்று பாராமல் டிஸ்க்கை முதல் பைட்டிலிருந்து கடைசி பைட் வரை அப்படியே நகலெடுக்கும். நம்பகமான வழிதான். ஆனால் 100 மெகாபைட் டிஸ்க்கை 500 மெகாபைட் டிஸ்க்குக்கு மாற்றினால் மிச்சம் 400 மெகாபைட் பயனின்றிக் கிடக்கும். மூல டிஸ்க்கையும் இலக்கு டிஸ்க்கையும் மாற்றித் தட்டிவிட்டால் மூலமே அழிந்துபோகும்.

1995 ஆகஸ்டில் விண்டோஸ் 95 வந்ததும் சிக்கல் கூடியது. நீளமான கோப்புப் பெயர்கள் அதன் பெருமை. பழைய டாஸ் கட்டளையால் நகலெடுத்தால் அவை எட்டெழுத்தாகச் சுருங்கின. விண்டோஸுக்குள் இருந்தபடி நகலெடுத்தாலும் கண்ணி இருந்தது. ஒவ்வொரு நீளப் பெயருக்கும் பின்னால் ‘புரோக்ரா~1’ என்பது போன்ற குறும்பெயர் ஒன்று உண்டு. விண்டோஸ் தன் அமைப்புகளைப் பதிந்து வைக்கும் ரெஜிஸ்ட்ரி, சில இடங்களில் குறும்பெயரைத்தான் குறித்து வைத்திருக்கும். நகலெடுக்கும் வரிசை மாறினால் 1 என்பது 2 ஆகிவிடலாம்.

அதே 1995இல் நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில் மர்ரி ஹேசார்ட் என்ற நிரலாளர், பைனரி ரிசர்ச் என்ற சிறு நிறுவனத்தில் இதற்கு விடை எழுதினார். அதுதான் கோஸ்ட். கோப்பு கோப்பாகவும் போகாமல், கண்ணை மூடிக்கொண்டு பைட் பைட்டாகவும் போகாமல், இரண்டுக்கும் நடுவில் ஒரு வழியை அது பிடித்தது. கோப்பு அமைப்பின் இலக்கணம் அதற்குத் தெரியும். அதனால் பயன்பாட்டில் உள்ள பகுதிகளை மட்டும் எடுத்து, பூட் செக்டாரையும் பெயர்களையும் குலைக்காமல், செடியைத் தாய்மண்ணோடு பெயர்த்து நடுவதுபோல, அளவு வேறான டிஸ்க்கில் பொருத்தியது. விண்டோஸுக்கு வெளியே, டாஸ் ஃபிளாப்பியிலிருந்து ஓடியது என்பது அதன் பெரிய பலம்: இடம்பெயரும் இயங்குதளம் அப்போது உறக்கத்தில் இருக்கும், எந்தக் கோப்பும் திறந்திருக்காது. இன்னொரு டிஸ்க்குக்கு நேராகவும் மாற்றலாம், கேபிள் வழியே அடுத்த கணினிக்கும் அனுப்பலாம். நூற்றுக்கணக்கான கணினிகளை ஒரே மாதிரி தயார்செய்ய வேண்டிய கல்லூரிகளுக்கும் அலுவலகங்களுக்கும் இது பெரும் விடுதலை. 1998இல் சிமான்டெக் பைனரி ரிசர்ச்சை வாங்கியது. 2013இல் நார்ட்டன் கோஸ்ட் விற்பனையை நிறுத்தியது. அதற்குள் தைவானின் தேசிய உயர்திறன் கணிமை மையத்தில் உருவான குளோன்சில்லா, அதே வேலையை இலவசமாகச் செய்யத் தொடங்கியிருந்தது.

நகல் எடுப்பது எளிதானதும் வேறொரு அச்சம் பரவியது. விண்டோஸ் என்டி ஒவ்வொரு கணினிக்கும் எஸ்ஐடி என்ற தனி அடையாள எண்ணைக் கொடுக்கும். நகலெடுத்தால் இரண்டு கணினிகளுக்கு ஒரே எண் வந்துவிடுமே என்று எண்ணை மாற்றும் கருவிகள் பிறந்தன. அவற்றுள் நியூஎஸ்ஐடி என்ற கருவியை எழுதிய மார்க் ருசினோவிச்சே 2009 நவம்பரில் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். அப்போது அவர் மைக்ரோசாஃப்டில் இருந்தார். உள்ளே ஆராய்ந்து பார்த்தபோது, ஒரே எண் இருப்பதால் நடைமுறையில் கேடு எதுவும் இல்லை என்று தெரிந்ததாக வெளிப்படையாக எழுதினார். தன் கருவி தேவையற்றது என்று அதை எழுதியவரே சொல்வது இத்துறையில் அரிது. அந்த நேர்மை போற்றத்தக்கது.

நிஜமான கண்ணி விண்டோஸ் எக்ஸ்பியில் வேறிடத்தில் இருந்தது. 2001இல் வந்த அந்தப் பதிப்பு, டிஸ்க்கின் முதல் செக்டாரில் நான்கு பைட் கையொப்பம் ஒன்றைப் பார்த்துத்தான் எது சி டிரைவ், எது டி டிரைவ் என்று முடிவுசெய்யும். பழைய டிஸ்க்கையும் நகலையும் சேர்த்துச் செருகி முதல்முறை கிளப்பினால், சி என்ற எழுத்து பழையதிடமே தங்கிவிடக்கூடும். நகல் தன்னைத்தானே டி என்று எண்ணிக்கொண்டு, உள்நுழையும் திரையிலேயே திணறும். நகல் எடுத்து முடிந்ததும் பழைய டிஸ்க்கின் கேபிளைக் கழற்று, பிறகு கிளப்பு என்பது பழுது பார்ப்பவர்களிடம் எழுதாத சட்டமாகவே இருந்தது. புதிய டிஸ்க் வேறு வகைக் கன்ட்ரோலரில் இருந்தால் இன்னொரு தடை: அதற்குரிய டிரைவர் முன்கூட்டியே ரெஜிஸ்ட்ரியில் பதிவாகியிருக்க வேண்டும். இல்லையென்றால் பூட் சாதனத்தை அணுக முடியவில்லை என்ற நீலத்திரைதான்.

2010ஐ ஒட்டி 4 கிலோபைட் செக்டார் கொண்ட டிஸ்க்குகள் வந்தபோது பழைய கணக்கு ஒன்று குறுக்கே நின்றது. எக்ஸ்பி தன் முதல் பார்ட்டிஷனை 63ஆம் செக்டாரில் தொடங்கும். ஒரு டிராக்கில் 63 செக்டார் என்று பயாஸ் எண்ணிய காலத்தின் எச்சம் அது. 63ஐ 512ஆல் பெருக்கினால் 32,256; அது 4,096ஆல் மீதியின்றி வகுபடாது. ஆகவே எழுதப்படும் தரவுத் துண்டுகள் பல இரண்டு செக்டாரில் கால் வைத்தன, டிஸ்க் மெதுவானது. வெஸ்டர்ன் டிஜிட்டல் இதைச் சரிசெய்யவே ஒரு கருவியைத் தந்தது. நகலெடுப்பவர் எல்லாவற்றையும் சற்றே நகர்த்தி, நகர்ந்த கணக்கையும் திருத்த வேண்டியிருந்தது.

கொள்ளளவு சிறிய எஸ்எஸ்டிகள் வந்த காலத்தில் 500 ஜிகாபைட்டிலிருந்து 128க்குச் சுருங்கும் இடமாற்றம் தேவைப்பட்டது. டிஸ்க்கின் முழு நகலைச் சேமித்து வைக்கும் விண்டோஸ் 7இன் பிம்ப வசதியோ சிறிய டிஸ்க்குக்கு மீட்க மறுத்தது. அதனால் எஸ்எஸ்டி நிறுவனங்களே இடமாற்று மென்பொருளை உடன் தந்தன.

இதற்கிடையே எக்ஸ்பிக்கான ஆதரவை 2014 ஏப்ரல் 8இல் மைக்ரோசாஃப்ட் முடித்துக்கொண்டது. ஏடிஎம்களில் ஆதரவு முடிந்த இயங்குதளங்களைப் படிப்படியாக மாற்றி, 2019 ஜூனுக்குள் முடிக்க வேண்டும் என்று 2018இல் ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குக் கெடு விதித்தது. பணம் கையாளும் இயந்திரத்தில் அது சரியான முடிவு. ஆனால் ஒரு கடைசல் இயந்திரத்தையோ ஆய்வகக் கருவியையோ இயக்கும் மென்பொருள் எக்ஸ்பியில் மட்டும் ஓடுமென்றால், அதை எழுதிய நிறுவனமே மூடிவிட்டதென்றால், புதுப்பி என்று சொல்வது இயந்திரத்தைத் தூக்கிப் போடு என்பதற்குச் சமம். அங்கே நல்ல நகல் ஒன்றுதான் இயந்திரத்தின் ஆயுள். இத்தகைய இடங்களில் பழைய ஐடிஇ டிஸ்க்குக்குப் பதிலாக காம்பாக்ட்ஃபிளாஷ் அட்டையைச் செருகுகிறார்கள். அந்த அட்டை ஐடிஇ வழியிலேயே பேசும் என்பதால் மலிவான ஓர் அடாப்டர் போதும். மூல டிஸ்க் இன்னும் சுழன்றுகொண்டிருக்கும்போதே பிம்பம் எடுத்து, அட்டையில் ஏற்றி, கிளப்பிப் பார்த்து, இணையத்தில் இணைக்காமல் வேலைக்கு விடுகிறார்கள்.