பாக்கெட் குறியிடல்

கணினி வலையமைப்பில் செல்லும் பாக்கெட் எவ்வளவு அவசரமானது என்பதை, வழியிலுள்ள ரூட்டர்களுக்கு உணர்த்தும்பொருட்டு, அதன் தலைப்பில் ஒரு சிற்றெண்ணைப் பதிப்பதே குறியிடல். சாதாரணத் தந்தி காத்திருக்க எக்ஸ்பிரஸ் தந்தி முந்திப் போன காலத்தை அறிந்தவர்க்கு இதன் தத்துவம் புதிதன்று.

1981 செப்டம்பரில் வெளியான ஆர்.எஃப்.சி. 791 என்னும் ஆவணம் இதற்கென ஒரு பைட்டை ஒதுக்கி, அதன் மூன்று பிட்டுகளில் எட்டுப் படிகளை வகுத்தது. ‘ஃபிளாஷ்’, ‘இமீடியட்’ என்னும் அப்படிகளின் நாமங்கள் ராணுவச் செய்தி மரபின் வாசனை மாறாதவை. ஆயினும் அது நெடுங்காலம் பெரும்பாலும் பிரயோகமின்றியே கிடந்தது. 1994-இல் ஒவ்வோர் உரையாடலுக்கும் வழிநெடுக இடம் முன்பதிவு செய்யும் முறை பிரேரிக்கப்பட்டது. எல்லா உரையாடல்களையும் ஒவ்வொரு ரூட்டரும் நினைவில் தாங்கவேண்டிய பாரத்தால் பெருவலைகளில் அது வேரூன்றவில்லை. ஆதலால் 1998 டிசம்பரில் ஆர்.எஃப்.சி. 2474 பழைய பைட்டின் ஆறு பிட்டுகளைக் கொண்டு 64 குறிகளுக்கு இடந்தந்தது. குரலுக்கு இன்று வழங்கும் 46 என்னும் குறி அடுத்த ஆண்டில் முன்வைக்கப்பட்டது.

குரலுக்கு ஏன் இச்சலுகை? பேசுபவரின் தொலைபேசி பொதுவாக நொடிக்கு 50 சிறு பாக்கெட்டுகளை அனுப்புகிறது. அவற்றுள் சில ஒரு பெரிய கோப்பின் பின்னே வரிசையில் அகப்பட்டுக்கொண்டால், கோப்புக்கு யாதொரு நஷ்டமுமில்லை, பேச்சோ திக்கித் திக்கி ஒலிக்கும்.

எனினும் குறியிடலின் எல்லையை அந்தமானில் தெளிவாகக் காணலாம். கடலடிக் கேபிள் வருமுன் தீவுகளின் தொடர்பு செயற்கைக்கோளை நம்பியிருந்தது. வண்டூர்ப் படகுத்துறையில் ஜாலிபாய் தீவுக்குப் படகேறக் காத்திருந்த ஒருவர் சென்னையோடு பேசினால், அவர் சொல் 35,786 கிலோமீட்டர் உயரம் ஏறி இறங்குவதற்கே கால் நொடி கழியும். நெருக்கடியான அப்பாதையில் குரலை முன்வரிசையில் நிறுத்தக் குறி உதவும். அக்கால் நொடியை எந்தக் குறியாலும் மீட்க இயலாது. 2020 ஆகஸ்ட் 10 அன்று தொடங்கிவைக்கப்பட்ட, ஏறக்குறைய 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள சென்னை–அந்தமான் கேபிளே அதை மீட்டது. கடலைக் கடக்க ஒளிக்கு இப்போது ஏறத்தாழ நூற்றிலொரு நொடி போதும்.

இதனால் குறியிடல் வேண்டாததாகிவிடவில்லை; நெரிசல் கடலைவிட்டு அலுவலக வாசலுக்கு வந்துவிட்டது, அவ்வளவே. அங்கே ரூட்டரை அமைப்பவர் முதலில் பாக்கெட்டை இனங்கண்டு, பிறகு குறியிட்டு, அதற்குரிய வரிசையையும் வகுக்கவேண்டும். வரிசை வகுக்காத குறி வெற்றுத் திலகமே. எல்லோரும் தம் போக்குவரத்துக்கு 46 இட்டுக்கொண்டால் எவருக்கும் முதன்மையில்லை. ஆகவே வெளியிலிருந்து வரும் குறிகளை நம்பாது, வாசலிலேயே பூஜ்யமாக்கிவிட்டுத் தம் குறியை இடுக.