எட்டும் தூரத்தில் ஓர் இயந்திரம்

கம்ப்யூட்டர் வகுப்பு என்ற பேச்சே இல்லாத காலத்தில், தமிழ்நாட்டு ஊர்களில் பத்தாவது முடித்த பெண்பிள்ளை முறையாகக் கற்றுக்கொண்ட முதல் இயந்திரம் டைப்ரைட்டர். "லோயர் பாஸ் பண்ணட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்று கண்டிப்பான அப்பாக்கள்கூட இறங்கிவந்தார்கள். மதுரை வில்லாபுரம் மாதிரி உழைப்பாளிகள் நிறைந்த பகுதிகளில் இதற்குத் தனி மவுசு. இன்ஸ்டிட்யூட் நடந்துபோகிற தூரத்தில் இருந்தது, தினமும் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும், கட்டணமும் அதிகமில்லை. அரசு நடத்தும் தேர்வு, கையில் சான்றிதழ், அதிர்ஷ்டமிருந்தால் தட்டச்சர் உத்தியோகம். பிள்ளைகளுக்கு முதலில் ஆர்வத்தை ஊட்ட வேண்டும் என்று மேடையில் பேசுகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம். அந்தப் பெண்களுக்கு இயந்திரம் முதலில் கைக்கு எட்டியது, ஆர்வம் அதன் பிறகுதான் வந்தது.

இதற்கு வெகுகாலம் முன்பே, 1890களில் இயங்கத் தொடங்கிய ஹார்வி மில், மதுரையை இயந்திரச் சத்தத்துக்குப் பழக்கிவிட்டது. அந்த மில் நிர்வாகத்தைச் சேர்ந்த சர் ஜேம்ஸ் டோக்கின் மனைவி பெயரில்தான் கேட்டி வில்காக்ஸ் 1948இல் லேடி டோக் கல்லூரியைத் தொடங்கினார். மதுரைப் பெண்களுக்குக் கல்லூரிப் படிப்பு உள்ளூரிலேயே கிடைத்தது அப்படித்தான். பொறியியல் மட்டும் இன்னும் தூரத்தில் இருந்தது.

அந்தக் கதவு சென்னை கிண்டியில் அதற்கும் முன்பே, 1940இல் திறந்தது. அதில் நுழைந்தவர் லலிதா. அவருக்குப் பதினைந்து வயதில் திருமணம். பதினெட்டில் கணவர் இறந்தார், கையில் நான்கு மாதப் பெண் குழந்தை. அவருடைய அப்பா பப்பு சுப்பாராவ் கிண்டி பொறியியல் கல்லூரியில் மின்பொறியியல் பேராசிரியர். மகளைச் சேர்த்துக்கொள்ளும்படி முதல்வர் கே.சி. சாக்கோவிடம் கேட்டார். சாக்கோவும் பொதுக் கல்வி இயக்குநர் ஆர்.எம். ஸ்டேதமும் சம்மதித்தார்கள். நூற்றுக்கணக்கான ஆண்களுக்கு நடுவில் லலிதா தனித்துப்போகக் கூடாது என்று விளம்பரம் செய்ய, லீலம்மா ஜார்ஜும் பி.கே. த்ரேசியாவும் சிவில் பிரிவில் வந்து சேர்ந்தார்கள். பெண்ணுக்குப் பட்டம் தரவேண்டி வரும் என்று பல்கலைக்கழகம் நினைத்திருக்கவில்லை போலும். சான்றிதழில் அச்சாகியிருந்த ஆண்பால் சொல்லை அடித்துவிட்டு, பெண்பால் சொல்லைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். லலிதா பின்னாளில் கல்கத்தாவில் வேலை பார்த்தபோது பக்ரா நங்கல் அணையின் ஜெனரேட்டர் பணியில் பங்கெடுத்தார். 1964இல் நியூயார்க்கில் நடந்த முதல் சர்வதேசப் பெண் பொறியாளர், விஞ்ஞானிகள் மாநாட்டுக்கும் போனார். த்ரேசியா கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளராக உயர்ந்தார்.

பேராசிரியர் வீட்டுப் பெண்ணுக்கு அப்பா கேட்டுப் பெற்றார். நெசவாளர் வீட்டுப் பெண்ணுக்கு யார் கேட்பது?

வில்லாபுரத்தில் தொழில்நுட்பம் என்றால் முதலில் நினைவுக்கு வரவேண்டியது குடிநீர்க் குழாய். 1996 உள்ளாட்சித் தேர்தலில் மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சி சார்பில் வென்று மாநகராட்சி உறுப்பினரான லீலாவதி, நெசவுத் தொழிலாளி. தண்ணீரை விற்றுக் காசு பார்த்தவர்களை எதிர்த்து, பகுதிக்குக் குழாய்த் தண்ணீர் கேட்டுப் போராடினார். 1997 ஏப்ரல் 23 அன்று வெட்டிக் கொல்லப்பட்டார். இது பெண்களின் தொழில்நுட்பக் கல்விக்குச் சம்பந்தமில்லாத செய்தியாகத் தோன்றலாம். வீட்டில் தண்ணீர் பிடிக்கும் வேலை யார் தலையில் விழும் என்று தெரிந்தவர்களுக்கு அப்படித் தோன்றாது. குடத்தோடு வரிசையில் நிற்கும் நேரம் படிப்பிலிருந்து பிடுங்கிய நேரம்.

பிறகு காலம் வேகமெடுத்தது. அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி மாணவர்களுக்கு 2011 செப்டம்பர் 15 முதல் விலையில்லா மடிக்கணினி வந்தது. இயந்திரம் நேராக வீட்டுக்கே வந்துவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தர ஆள் வந்தாரா என்பது வேறு கதை.

அப்படி ஆள் வந்தால் என்ன நடக்கும் என்பதற்கு மதுரைக்குத் தெற்கே திருமங்கலத்தில் ஓர் உதாரணம் உண்டு. சுதந்திரத்தின் 75ஆம் ஆண்டையொட்டி, சென்னையின் ஸ்பேஸ் கிட்ஸ் இந்தியா அமைப்பு நாடெங்கும் 75 அரசுப் பள்ளிகளிலிருந்து 750 மாணவிகளைச் சேர்த்து 'ஆசாதிசாட்' என்ற செயற்கைக்கோளைச் செய்தது. எடை 8 கிலோ. உள்ளே தலா சுமார் 50 கிராம் எடையில் 75 சின்னச் சின்னக் கருவிகள். திருமங்கலம் அரசுப் பெண்கள் மேல்நிலைப் பள்ளியின் மாணவிகள் பத்துப் பேரும் அதில் பங்கெடுத்தார்கள். 2022 ஆகஸ்ட் 7 காலை ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து இஸ்ரோவின் எஸ்.எஸ்.எல்.வி. வகையின் முதல் ராக்கெட் அதைச் சுமந்து கிளம்பியது.

ராக்கெட் பறந்தது, செயற்கைக்கோள் நிலைக்கவில்லை. இரண்டாம் அடுக்கு பிரிந்தபோது ஏற்பட்ட அதிர்வில் உணரிகள் சிறிது நேரம் தடுமாற, 356 கிலோமீட்டர் உயரத்தில் வட்டப் பாதையில் சுற்றியிருக்க வேண்டியது, ஒரு முனையில் 76 கிலோமீட்டர் வரை தாழும் நீள்வட்டத்தில் போய் மாட்டிக்கொண்டது. அந்த உயரத்தில் காற்றின் உராய்வே இழுத்துவிடும். இஸ்ரோ காரணத்தை வெளிப்படையாகச் சொன்னது. மாணவிகளின் ஆசாதிசாட்-2, 2023 பிப்ரவரி 10 அன்று 450 கிலோமீட்டர் பாதையில் ஒழுங்காகச் சேர்ந்தது. ஏறக்குறைய ஆறு மாத இடைவெளியில் ஒரு தோல்வியையும் அதன் திருத்தத்தையும் கிட்டத்தில் பார்த்த பள்ளிப் பெண்களுக்கு, எந்தப் பாடப்புத்தகமும் தராத பொறியியல் பாடம் கிடைத்தது என்றே சொல்ல வேண்டும்.

அதே 2023 செப்டம்பர் 2 அன்று ஏவப்பட்ட சூரிய ஆய்வுக் கலமான ஆதித்யா எல்-1 திட்டத்தின் இயக்குநர் நிகர் ஷாஜி, செங்கோட்டை அரசுப் பள்ளியில் படித்தவர். திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரியில் படித்து அவர் வாங்கிய பட்டம் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்துடையது.

இன்று அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத இடம் இருக்கிறது. அரசுப் பள்ளியில் படித்து மேற்படிப்புக்குப் போகும் மாணவிகளுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. கல்லூரி வாசல்வரை வழி போட்டாயிற்று. ஆனால் ஆசாதிசாட் வாய்ப்பு நாடு முழுக்க 75 பள்ளிகளுக்குத்தான் கிடைத்தது. மதுரையில் பொறியியல் படித்து வேலையில் இருப்பவர்கள், பக்கத்து மாநகராட்சிப் பள்ளித் தலைமையாசிரியரைப் பார்த்து, மாணவிகளுக்குச் சொல்லித்தரச் சனிக்கிழமை காலை இரண்டு மணி நேரம் கேளுங்கள்.