எண்ணும் நீதியும்

சல்லிக்கு அண்மையில், கோணேசபுரியில், கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் உளது. அக்கரையோர மாணாக்கர் அண்டையிலுள்ள அவ்வளாகத்துட் புகவும் கொழும்பிற் கணிக்கப்பெறும் ஓர் எண்ணே வழிவிடல் வேண்டும்.

1970களில் மொழிவாரியாகப் புகுத்திய தரப்படுத்தலும் ஒரு கணக்கே. அதன் வடு நெடுங்காலம் நின்றது. 2001 முதல் வழங்கும் இசற் புள்ளியோ, பாடத்தின் சராசரியினின்று ஒருவர் பெற்ற புள்ளி எத்துணை விலகியதென நியம விலகலால் வகுத்துக் காண்பது. வெவ்வேறு பாடத்தாரை ஒப்பிட உதவுவது. கணினி இதனை நொடியில் முடிக்கும்.

ஆயினும், 2011ஆம் ஆண்டு உயர்தரப் பரீட்சையிற் பழைய, புதிய பாடத்திட்டத்தாரை ஒருங்கே கணித்தமை வழக்கிற்கு ஏதுவாயிற்று. 2012இல் உயர் நீதிமன்றம் அக்கணிப்பை நீக்கி, இரு சாராரையும் தனித்தனியே கணிக்கப் பணித்தது.

ஈண்டுப் பிழைத்தது பொறியன்று. எவரை எவரோடு ஒப்பிடுவதெனத் துணிந்த நிருவாகமே. கருவி விரைவு தரும். நீதிக்கு மனிதரே பொறுப்பாவர்.