பசுங்கணிக மரபணுத்தொகுதி (ஒருசெல் பாசிகளில்)

ஒருசெல் பாசிகளில் ஒளிச்சேர்க்கை நடத்தும் பசுங்கணிகத்துக்கு உரிய தனி டி.என்.ஏ. 100 கோடி ஆண்டுகளுக்கும் முன் ஒரு முன்னோடிச் செல்லுக்குள் புகுந்து தங்கிய நீலப்பச்சைப் பாக்டீரியாவின் எச்சம் இது. ஆயிரக்கணக்கில் இருந்த அதன் மரபணுக்களில் பல அழிந்தன. பல செல்லின் உட்கருவுக்கு இடம்பெயர்ந்தன. பச்சைப்பாசிகளின் பசுங்கணிகத்தில் இன்று எஞ்சியவை பொதுவாகச் சுமார் 100 மட்டுமே.

அளவு: குளோரெல்லா வல்காரிஸில் சுமார் 1.5 லட்சம் கார இணைகள். கிளாமிடோமோனாஸ் ரெயின்ஹார்ட்டியில் சுமார் 2 லட்சம். பின்னதில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல், மரபணுக்களுக்கு இடையே திரும்பத் திரும்ப வரும் குறுந்தொடர்கள்.

தமிழகத் தொடர்பு: சென்னைப் பல்கலைக்கழகப் பாசியியலாளர் எம்.ஓ.பி. அய்யங்கார் (1886–1963) தென்னிந்தியக் குளம் குட்டைகளின் பாசிகளை ஆராய்ந்தார். அவர் 1933இல் விவரித்த வால்வாக்ஸ் கார்ட்டெரி நாகரியென்சிஸ், கிளாமிடோமோனாஸின் பலசெல் உறவினம். மரபணுக்கள் ஏறத்தாழ அவையே. ஆனால் அதன் பசுங்கணிக டி.என்.ஏ. 5 லட்சம் கார இணைகளைத் தாண்டுகிறது. பெருகியவை மரபணு அல்லாத தொடர்களே.

முழு இழப்பு: ஒளிச்சேர்க்கையைக் கைவிட்ட பாலிடோமெல்லா என்னும் ஒருசெல் பாசியில் கணிகம் உண்டு, அதற்குள் மரபணுத்தொகுதி இல்லை. கணிகத்துக்குத் தேவையான புரதங்கள் அனைத்தையும் உட்கரு மரபணுக்களே தருகின்றன.