காரணமா, சான்றா? சி-வினைப் புரதமும் இதயநோயும்: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

இதயநோயின் வரலாற்றை எழுதியோர் கொழுப்பின் வரலாற்றையே பெரிதும் எழுதியுள்ளனர். ஆயினும் தமனிச்சுவர் அழற்சியுறுகிறது என்னும் கருத்தை ஜெர்மானிய நோயியலறிஞர் ருடால்ஃப் விர்க்கோவ் 19ஆம் நூற்றாண்டிலேயே முன்வைத்தார். நெடுங்காலம் பின்தள்ளப்பட்டிருந்த அக்கருத்து, ஓர் இரத்தப் பரிசோதனையின் வழியே மீண்டும் வலுப்பெற்றதை இக்கட்டுரை ஆராய்கிறது.

நுரையீரலிலிருந்து இதயத்திற்கு

1930இல் நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் ஆய்வு நிறுவனத்தில் டில்லட், பிரான்சிஸ் ஆகிய இருவரும் நிமோனியா நோயாளிகளின் குருதிநீரை ஆராய்ந்தனர். நிமோகாக்கஸ் கிருமியினின்று பிரித்தெடுத்த ‘சி’ என்னும் கூற்றுடன் அக்குருதிநீர் சேர்ந்தபோது வீழ்படிவு உண்டாயிற்று. நோய் தணிந்ததும் அவ்வினை மறைந்தது. இன்று ஆய்வக அறிக்கைகளில் காணப்படும் சி.ஆர்.பி. என்னும் பெயரின் முதலெழுத்து இக்கிருமிக் கூற்றைக் குறிப்பதேயன்றி இதயத்தைக் குறிப்பதன்று.

மாரடைப்புக்குப் பின் இப்புரதம் மிகுவதை 1950களிலேயே மருத்துவர்கள் அறிந்திருந்தனர். ஆனால் அதனை இறந்துபட்ட தசையின் விளைவாகவே கொண்டனர். அன்றைய சான்றுகளை நோக்க, அது பிழையான முடிவன்று. 1994இல் ரோம் நகரில் லியுசோ, மசேரி குழுவினர், தசைச் சிதைவுக்கான அறிகுறி இல்லாத நிலையற்ற நெஞ்சுவலி நோயாளிகளிடமும் இவ்வுயர்வைக் கண்டனர். 1997இல் ரிட்கர் குழுவினர் மேலும் பின்னோக்கிச் சென்றனர். நலமாயிருந்த அமெரிக்க ஆண் மருத்துவர்களிடம் முன்னரே பெற்றுச் சேமித்த குருதியை அவர்கள் ஆய்ந்தனர். பின்னாளில் மாரடைப்பு, பக்கவாதம், சிரைக் குருதியுறைவு ஆகியவற்றுள் ஒன்றுக்கு ஆளான 543 பேர், ஆளாகாத 543 பேருடன் ஒப்பிடப்பட்டனர். சி.ஆர்.பி. அளவில் உச்சக் காற்பகுதியினருக்கு மாரடைப்பு இடர் கீழ்க்காற்பகுதியினரினும் ஏறத்தாழ மும்மடங்காக இருந்தது. இங்கு விளைவு என்னும் பழைய விளக்கம் போதாதாயிற்று. குருதி நோய்க்கு முந்தியதாதலின்.

சிக்கல்

முந்தியது அனைத்தும் காரணம் ஆகாது. 2008இல் வெளியான ஜூபிடர் ஆய்வு, கொழுப்பு மிகாமல் சி.ஆர்.பி. மட்டும் லிட்டருக்கு 2 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்த 17,802 பேரை எடுத்துக்கொண்டது. ரோசுவாஸ்டாட்டின் பெற்றோரிடம் இதய நிகழ்வுகள் 44 விழுக்காடு குறைந்தன. ஆயினும் அம்மருந்து கொழுப்பையும் குறைப்பது, சி.ஆர்.பி. குறைந்தோர் ஒப்பீட்டுக்கெனச் சேர்க்கப்படவுமில்லை. எனவே இவ்வாய்வைச் சி.ஆர்.பி.க்குக் கிடைத்த வெற்றியாகக் காட்டுவது மிகைக்கூற்று என்பது இவ்வாய்வாளரின் கருத்து. அதே காலத்தில் வெளிவந்த மரபியல் ஆய்வுகளும், பிறப்பிலேயே இப்புரதத்தை மிகுதியாகச் சுரப்போர்க்கு இதயநோய் அதற்கேற்ப மிகுவதில்லை எனக் காட்டின. புரதம் சான்றாளி, குற்றவாளி வேறு.

அக்குற்றவாளியை நோக்கிய தேடல் 2017இல் கேண்டோஸ் ஆய்வாயிற்று. முன்னர் மாரடைப்புற்ற 10,061 பேரிடம் இன்டர்லூக்கின்-1 பீட்டாவைத் தடுத்தபோது, 150 மில்லிகிராம் அளவில் மருந்து பெற்றோரிடம் கெட்ட கொழுப்பு மாறாமலேயே இதய நிகழ்வுகள் 15 விழுக்காடு குறைந்தன. ஆனால் உயிர்போக்கும் தொற்றுகள் மிகுந்தன. அடுத்த ஆண்டு வெளியான மற்றோர் ஆய்வில் குறைந்த அளவு மெத்தோட்ரெக்சேட் சி.ஆர்.பி.யையும் குறைக்கவில்லை, இதய நிகழ்வுகளையும் குறைக்கவில்லை.